இரண்டாம் தட்டை ஏற்காத யந்திரம்

வெள்ளாற்றங்கரையில் வைத்தியநாதசுவாமி கோயிலைச் சுற்றி அமைந்த எங்கள் திட்டக்குடிக்கு, பெரிய பட்டணங்களில் ஒரு தலைமுறை உபயோகித்து முடித்த மின்சாதனங்கள் யாவும் சற்றுக் காலந்தாழ்த்தி, கை மாறிக் கை மாறி, விலை குறைந்து வந்து சேருவது வழக்கம். 'டெக்' என்று நாம் அழைத்த வீடியோ கருவி வந்தது அப்படித்தான். 'சாமுராய்', 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெயர்களில் கேசட் செருகி ஆடும் டிவி கேம் பெட்டிகளும் அப்படித்தான் வந்தன. அவற்றுக்குப் பின், சோனி கம்பெனியார் 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு விட்ட 'பிளேஸ்டேஷன்' என்னும் சாம்பல் நிற யந்திரம், அயல்நாட்டுச் சாமான்களோடு சாமானாகச் சென்னை பர்மா பஜாரில் இறங்கி, ரிச்சி தெருவின் ரிப்பேர் மேஜைகளைத் தாண்டி, வாங்கிய வீட்டுப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனபின் பரணிலிருந்து இறக்கி விற்கப்பட்டு, விருத்தாசலம் பஸ்ஸிலோ தொழுதூர் வழியாகவோ இவ்விடம் வந்து, இன்றைக்கும் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறது. உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்ற யந்திரம் அது. ஆகவே பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு இன்னும் நெடுநாள் வேலை இருக்கும்.

இந்த யந்திரங்களை வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பலவாயினும், அவற்றுள் ஒன்றைத் தனி ரகமாகப் பிரித்து வைக்கலாம். முதல் தட்டைப் போட்டால் விளையாட்டு ஓடுகிறது. மணிக்கணக்காக யாதோர் இடையூறுமின்றி ஓடுகிறது. கதை பாதி கடந்து, அடுத்த தட்டைப் போடும்படி திரையில் எழுத்து வந்து, மூடியைத் திறந்து, தட்டை மாற்றி மூடினால், யந்திரம் கருந்திரையோடு நின்றுவிடுகிறது, அல்லது ஒன்றுமே நடவாததுபோல் அதே வாசகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. உடையவர் உடனே செய்யும் தீர்மானம், 'சிடி போய்விட்டது' என்பது. அது அவசரத் தீர்மானம் என்பதே என் அபிப்பிராயம். தட்டு மாற்றும் அந்த நிமிஷத்தில் யந்திரத்தின் அங்கங்கள் யாவும் ஒருசேரப் பரீக்ஷைக்கு உட்படுகின்றன. அதுவரை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த பலவீனம் எதுவாயினும் அப்பொழுதுதான் வெளிப்படுகிறது. ஆதலால் தட்டைக் குற்றவாளியாக்குமுன் மற்றவற்றையும் கிரமமாக விசாரிக்கவேண்டும்.

ஒரே விளையாட்டு எதற்காகப் பல தட்டுகளில் வந்தது என்று இக்காலத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒரு தட்டில் ஏறக்குறைய 650 மெகாபைட்தான் அடங்கும். 1997-இல் வெளிவந்த 'ஃபைனல் பேண்டஸி 7' மூன்று தட்டுகளிலும், 1998-இன் 'மெட்டல் கியர் சாலிட்' இரண்டிலும், 1999-இன் 'ஃபைனல் பேண்டஸி 8' நான்கிலும் வந்தன. இடத்தை விழுங்கியவை, கதைக்கு நடுவே சினிமாப்போல் ஓடும் காட்சிகள். மூன்று தட்டுகள் என்றவுடன் மூன்று வேறு விளையாட்டுகள் என்று எண்ணவேண்டாம். ஃபைனல் பேண்டஸி 7-இன் தட்டுகளில் விளையாட்டின் உடல் பெரும்பாலும் ஒன்றே, வேறுபடுவன அந்தச் சலனப் படங்களே.

இனி, மூடியை மூடியவுடன் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். லேசர் விளக்கும் அதன் லென்ஸும் ஏறியிருக்கும் சிறு வண்டி, எங்கே நின்றிருந்தாலும், முதலில் தட்டின் மையத்தை ஒட்டிய ஓரத்துக்குத் திரும்பி வருகிறது. ஏனெனில் தட்டின் தடம், கொசுவர்த்திச் சுருளைப்போல் சுற்றிச் சுற்றிச் சென்றாலும், உள்ளிருந்து தொடங்கி வெளியே முடிவது. பிறகு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ் ஒளி எரிகிறது. கம்பிச்சுருளில் தொங்கும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து, தட்டின் பளபளப்பான பூச்சிலிருந்து ஒளி கூர்மையாகத் திரும்பும் உயரத்தைத் தேடுகிறது. அது கிடைத்ததும் மோட்டார் வேகங்கொள்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 1.6 மைக்ரான் மட்டுமே இடைவெளியுள்ள தடத்தைப் பிடித்து, தட்டில் என்னென்ன எங்கெங்கே இருக்கின்றன என்னும் பட்டியலை வாசிக்கிறது. அதற்கும் மேல், இது கம்பெனியாரின் அசல் தட்டுதானா என்பதற்கான ரகசிய முத்திரையைச் சோதிக்கிறது. இத்தனையும் தேறிய பிறகுதான், விளையாட்டு தனக்கு வேண்டிய கோப்பு அந்தத் தட்டில் இருக்கிறதா என்று பார்க்கும். முதல் தட்டில் இந்தக் காரியங்கள் யந்திரம் குளிர்ந்திருக்கும்போது நடந்தன. இரண்டாம் தட்டில், நெடுநேரம் ஓடிச் சூடேறிய நிலையில், ஆதியிலிருந்து மறுபடியும் நடக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்கவேண்டியது, யாரும் பார்க்காத ஒரு சிறு ஸ்விட்ச். தட்டு வைக்கும் குழிவின் விளிம்பில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும்; மூடியின் அடிப்புறத்தில் உள்ள பிளாஸ்டிக் முளை அதை அழுத்தினால் 'மூடி மூடியிருக்கிறது' என்றும், விட்டால் 'திறந்திருக்கிறது' என்றும் யந்திரம் அறிகிறது. தட்டு மாற்றச் சொல்லும் விளையாட்டு, முதலில் மூடி திறக்கப்பட்டதா என்று பார்த்து, பிறகு மூடப்பட்டதா என்று பார்த்து, அப்புறமே தட்டைப் படிக்க முற்படும். கடைவீதியில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கின் மேஜையில், விடுமுறைக்கு வந்த பையன் ஒருவன் தன் யந்திரத்தை வைத்து, "அண்ணே, மூடியத் தொறந்து மூடினாலும் அதுக்குத் தெரியவே மாட்டேங்குதுண்ணே" என்றான். அவன் அறியாமலே நோயைச் சரியாகச் சொல்லிவிட்டான். மெக்கானிக் டார்ச்சை அடித்துக் குழிவின் ஓரத்தைக் காட்டினார். பொத்தானைக் கீழே அழுத்தியபடி, நாலாக மடித்த ஒரு காகிதத் துண்டு, பழுத்துப் பொத்தானோடு ஒட்டிக் கிடந்தது. ஊசி முனையால் அதைக் கிளறி எடுத்தபோது பொத்தான் 'டிக்' என்று மேலெழும்பிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதன்பின் யந்திரம் இரண்டாம் தட்டைத் தடையின்றி ஏற்றது.

அந்தக் காகிதம் அங்கே வந்தது தற்செயலாக இராது. அசல் தட்டை வைத்து யந்திரத்தைத் தொடங்கி, அது முத்திரையைச் சோதித்து முடித்த சமயத்தில், மூடி திறந்ததே தெரியாமல் காப்பித் தட்டை மாற்றிவிடும் ஒரு தந்திரம் அந்நாளில் உலகெங்கும் வழங்கிற்று. அதற்காகப் பொத்தானைக் குச்சியாலோ காகிதத்தாலோ அடைத்து வைப்பார்கள். தந்திரம் செய்தவர் விற்றுவிட்டுப் போனார். அடைப்பு மட்டும் யந்திரத்தோடு கை மாறி வந்துவிட்டது. இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. மூடியின் முளை தேய்ந்தோ ஒடிந்தோ போனால் பொத்தான் அழுந்தாது. அப்பொழுது தட்டு சுழலவே சுழலாது. மூடிய மூடியின் மேல் அந்த மூலையை விரலால் அழுத்தினால் சுழல்கிறதென்றால், லேசரில் பழுதில்லை, முளைக்கு ஓர் ஒட்டுப் போட்டால் போதும் என்று அறியலாம். மூடியைத் திறந்துவைத்துப் பொத்தானைக் கையால் அழுத்திச் சோதிப்போர், லென்ஸை நேராகக் குனிந்து பார்க்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதனாலேயே அது கண்ணுக்கு அபாயமான ஒளி.

அடுத்து அந்த ரகசிய முத்திரையைப் பற்றிய விஷயம். அசல் தட்டின் உட்புறத் தொடக்கத்தில், தடத்தையே சற்று நெளியவைத்து, ஜப்பானுக்கு 'எஸ்.சி.இ.ஐ.', அமெரிக்காவுக்கு 'எஸ்.சி.இ.ஏ.', ஐரோப்பாவுக்கு 'எஸ்.சி.இ.இ.' என்று நான்கு எழுத்துகளைக் கம்பெனியார் பதித்திருந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும் சிடியில் இந்த நெளிவைப் பதிக்க இயலாது. ஆகவே, அந்த எழுத்துகளைத் தானே சொல்லிவிடும் ஒரு சிறு சிப்பை உள்ளே பற்றவைத்து விற்பது நம் பஜார்களில் சகஜமாயிற்று. பிற்காலத்து விளையாட்டுகள் சில இந்தச் சிப்பைக் கண்டுபிடித்து ஓட மறுத்ததனால், தொடக்கத்தில் மட்டும் பேசி, பிறகு மௌனமாகிவிடும் சிப்புகள் வந்தன. அவற்றிலும், மூடி திறக்கப்படுவதை உணரும் கம்பி சேர்க்கப்படாதது அமைந்துவிட்டால், இரண்டாம் தட்டைப் போடும்போது சிப் வாய் திறவாது. யந்திரம் தட்டை அந்நியமென்று ஒதுக்கிவிடும். இத்தகைய யந்திரத்தில் ஒரு பரிசோதனை செய்யலாம். இரண்டாம் தட்டையே முதலில் வைத்து, மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்க்கவேண்டும். அது தொடங்குமாயின், தட்டும் நல்லது, லேசரும் நல்லது. கோளாறு மாற்றும் வழியில்தான் இருக்கிறது. பல விளையாட்டுகள் தட்டு முடியும் இடத்தில் மெமரி கார்டில் சேமிக்கச் சொல்லும். அவ்வாறு சேமித்துவிட்டு, யந்திரத்தை அணைத்து, அடுத்த தட்டிலிருந்து தொடங்கிச் சேமித்ததை ஏற்றினால், பெரும்பாலானவற்றில் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த யந்திரத்தைத் திறக்காமலே ஆட்டத்தை முடிக்க விரும்புவோருக்கு இதுவே சுலப மார்க்கம்.

தட்டுகளின் முகத்தில் அச்சிட்ட எண்ணைப் படிக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு இல்லை. ஃபைனல் பேண்டஸி 7-இன் அமெரிக்கப் பதிப்பில் மூன்று தட்டுகளும் 94163, 94164, 94165 என்று அடுத்தடுத்த எண்களைத் தாங்கியிருக்கும். எண்ணுக்கு முன்னுள்ள நான்கு எழுத்துகள் எந்த நாட்டுப் பதிப்பு என்பதைச் சொல்லும். பழைய பெட்டிகளை வாங்கும்போது, முதல் தட்டு அமெரிக்கப் பதிப்பாகவும், தொலைந்ததற்கு ஈடாகப் பின்னால் யாரோ சேர்த்த இரண்டாம் தட்டு ஐரோப்பியப் பதிப்பாகவும் இருக்கக் காண்பதுண்டு. தட்டு இரண்டும் தனித்தனியே குற்றமற்றவை. ஆயினும் முதல் தட்டின் விளையாட்டு தேடும் கோப்பின் பெயர் இரண்டாவதில் இராது. நம் நாட்டு டிவிக்குப் பொருந்தும் 'பால்' முறைப் பதிப்பு ஐரோப்பாவுக்குரியது. பர்மா பஜாரில் வந்திறங்கிய யந்திரங்களோ பல தேசத்தவை. ஆதலால் இந்தக் குழப்பம் இங்கே நேருவதற்கு இடம் அதிகம்.

தட்டில் கீறல் விழுந்திருப்பின், எந்தப் பக்கம், எந்தத் திசை என்று பார்க்கவேண்டும். ஒளி புகும் அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக்; எழுத்துகள் பதிந்த பளபளப்புப் பூச்சு அதற்கு அப்பால், லேபிளுக்கு உடனே கீழே இருக்கிறது. ஆகவே அடிப்பக்கத்துக் கீறலைத் தேய்த்து மெருகிட்டுப் போக்க முடியும். லேபிள் பக்கம் பூச்சே பெயர்ந்துவிட்டால் அதற்குப் பரிகாரம் கிடையாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித் துவாரங்கள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம் என்பார்கள். ஆனால் பிளேஸ்டேஷன் அசல் தட்டுகளின் அடிப்பாகம் கறுப்பாகச் சாயமிடப்பட்டிருப்பதால் அது எளிதில் தெரியாது, லேபிளையே கூர்ந்து நோக்கவேண்டும். துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாக இழுக்கவேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. இதற்கு ஓர் அழகிய காரணம் இருக்கிறது. 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் வகுத்த பிழைதிருத்தும் முறையைத் தட்டுகளில் கையாண்டிருக்கிறார்கள். தடத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வரையில் தொடர்ச்சியாக அழிந்திருந்தாலும், அழிந்ததைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவே அழிக்கிறது. கணக்கு அதை ஈடுகட்டிவிடும். தடத்தோடு ஒட்டி வளைந்து செல்லும் கீறல் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. வேட்டி நுனியால் சிடியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துத் துடைப்பவர், நல்லெண்ணத்தோடே தட்டைக் கெடுக்கிறார்.

காப்பித் தட்டுகளோ வேறு இனம். அவற்றில் எழுத்து பதிவது சாயத்தில். ஒளியும் உஷ்ணமும் அந்தச் சாயத்துக்குச் சத்துருக்கள். அக்னி நக்ஷத்திர காலத்தில் ஓட்டு வீட்டின் பரண் எவ்வளவு சுடும் என்பது எங்கள் பக்கத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. மூத்துப்போன லேசர் அசல் தட்டைப் படித்து, காப்பியில் தடுமாறுவது சகஜம். முதல் தட்டு அசல், இரண்டாம் தட்டு காப்பி என்ற ஜோடியாயின், சிப் உள்ள யந்திரத்திலும் தட்டு மாற்றுவதில் சிக்கல் வரும்.

இவ்வளவும் பார்த்தபின் யந்திரத்தின் உட்புறத்துக்கு வருவோம். அரைமணி ஓடியபின் மட்டும் இரண்டாம் தட்டை மறுத்து, அணைத்து ஆறவிட்டால் ஏற்றுக்கொள்ளுமாயின், உஷ்ணமும் தேய்மானமும் கூடிச் செய்யும் உபத்திரவம் அது என்று கொள்ளலாம். ஆரம்பகால மாடல்களில் லேசர் வண்டி பிளாஸ்டிக் தண்டவாளத்தின் மேல் ஓடிற்று. பக்கத்திலேயே மின்சாரம் தரும் பலகை இருந்து சூடு கொடுத்தது. தண்டவாளம் தேய, வண்டி சாய்ந்து, லென்ஸின் பார்வை கோணிற்று. அந்தக் காலத்தில் யந்திரத்தையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடியவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள், ஆசியாவிலும் இருந்தார்கள். கவிழ்த்தால் வண்டியின் பாரம் மறுபுறம் சாய்ந்து கோணல் சற்று நேராகும் என்பது அதன் சூக்ஷ்மம். பின்வந்த மாடல்களில் கம்பெனியார் லேசரைச் சூட்டிலிருந்து தள்ளி அமைத்தார்கள். கவிழ்த்து வைத்தால்தான் ஓடும் யந்திரத்தை விலை பேசுகிறவர், லேசர் பாகம் முழுவதையும் மாற்றும் செலவையும் சேர்த்தே பேசவேண்டும்.

தேய்மானமின்றித் தூசியால் மட்டும் மங்கிய லென்ஸ் அதிர்ஷ்டவசமானது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு வீட்டிலிருந்து வந்த யந்திரத்தை மேற்சொன்ன மெக்கானிக் திறந்தபோது, லென்ஸின் மேல் வெள்ளைக் களிமண் தூசி, முகப்பவுடர் பூசினாற்போல் ஒரே சீராகப் படிந்திருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐஸோப்ரோப்பில் ஆல்கஹாலில் தொட்டு, உதறி, லென்ஸின் மேல் பாரமே விழாமல் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். குச்சியின் நுனி வெளுத்து வந்தது, லென்ஸ் நீலமாக மின்னிற்று. லென்ஸ் மிக மெல்லிய கம்பிகளில் தொங்குவது. அழுத்தினால் கம்பி வளைந்து, பிறகு ஒருபோதும் குவியம் பிடிக்காது. பெட்ரோல், தின்னர் முதலியன பிளாஸ்டிக் லென்ஸைப் பால்பிடிக்கச் செய்துவிடும். தண்டவாளத்துக்கு வெள்ளை கிரீஸ் துளியளவு போதும். தேங்காயெண்ணெய் விடுவோர், அது தூசியோடு கலந்து பிசினாவதைச் சில மாதங்களில் காண்பார்கள். தட்டு உட்காரும் மையத் திருகணியில் மூன்று சிறு குண்டுகள் உண்டு. அவற்றில் அழுக்கேறினால் தட்டு ஒருபுறம் தூக்கி நிற்கும். அதையும் அந்தக் குச்சியாலேயே துடைத்து, தட்டை இடும்போது மையத்தை ஒட்டி இரு விரலால் அமுக்கி, 'கிளிக்' என்று உட்கார்ந்ததை உறுதி செய்துகொள்ளவேண்டும். அவசரத்தில் பாதி உட்கார்ந்த இரண்டாம் தட்டுகள் எத்தனையோ.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜப்பானிய யந்திரம் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்க யந்திரம் 120 வோல்ட்டுக்கும் அமைந்தவை. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. இடையில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இன்றிச் செருகினால், விருத்தாசலத்துச் சூளையில் வெந்த பியூஸ் கட்டை வீட்டைக் காப்பாற்றலாம், யந்திரத்தைக் காப்பாற்றாது. 2000-இல் வந்த சிறிய 'பிஎஸ் ஒன்' வெளியிலிருந்து 7.5 வோல்ட் அடாப்டரால் ஓடுவது. மலிவான மாற்று அடாப்டர் போதிய கரண்ட் தராவிடில், மோட்டார் வேகமெடுக்கும் தருணத்தில், அதாவது தட்டு மாற்றிய தருணத்தில், வோல்ட்டேஜ் தாழ்ந்து யந்திரம் தயங்கும். மெமரி கார்டு 128 கிலோபைட் கொண்டது, 15 கட்டங்களாகப் பிரிந்தது, பேட்டரி வேண்டாதது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுதியது பாழாகும். 2008-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் எத்தனை பிள்ளைகளின் விளையாட்டு இப்படிப் பாதியில் அழிந்ததோ! ஆகவே தட்டு மாற்றுமுன் சேமிக்கும்போது, சேமித்து முடிந்ததென்று திரை சொல்லும்வரை எதையும் தொடாதிருப்பது நலம்.

கடைசி உபாயமாக இருக்கவேண்டியதை முதலிலேயே கையாளும் ஒரு கெட்ட வழக்கம் ரிப்பேர்க் கடைகளில் பரவியிருக்கிறது. லேசர் பாகத்தின் பக்கவாட்டில் மிகச் சிறிய திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் லேசருக்குச் செல்லும் மின்னோட்டம் கூடும், மங்கிய லேசர் மறுபடி பிரகாசமாகும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் பணம் கொடுத்துப் போவார். அந்தப் பிரகாசம் லேசரின் எஞ்சிய ஆயுளை எரித்துப் பெற்றது. சில மாதங்களில் அது அடியோடு அணையும். தேய்ந்த லேசருக்கு யோக்கியமான மருத்துவம், 'கே.எஸ்.எம்.-440' வரிசையில் அந்த மாடலுக்குரிய புதிய பாகத்தை வாங்கி முழுதாக மாற்றுவதே. பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளிருக்கும் மின்பலகையின் கப்பாசிட்டர்களில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும்; பழக்கமில்லாதவர் அந்தப் பகுதியைத் தொடாமலிருக்கவேண்டும்.

செகண்ட்ஹேண்டில் வாங்கப் போகிறவர், விற்பவர் காட்டும் ஒற்றைத் தட்டுக் கார் பந்தயத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். இரண்டு தட்டுள்ள அசல் விளையாட்டு ஒன்றை, தட்டு மாறும் இடத்துக்குச் சற்று முன்வரை சேமித்த மெமரி கார்டோடு கூடவே எடுத்துச் செல்லலாம். முதலில் மூடியைத் திறந்து அந்தப் பொத்தானை விரலால் தொட்டுப் பார்த்து, அது தளர்வாக மேலெழும்புகிறதா என்று நிச்சயித்துக்கொண்டு, யந்திரம் நன்றாகச் சூடேறும்வரை அரைமணியேனும் ஓடவிட்டு, பிறகு சேமித்ததை ஏற்றி, விற்பவர் கண்முன்பாகவே இரண்டாம் தட்டை மாற்றிப் பார்த்துவிட்டு விலை பேசவேண்டும்.